அந்தச் சீட்டுல எழுதாம விட்ட ஒரு வார்த்தை

போடியில இருந்து ஒரு தங்கச்சி லெட்டர் போட்டிருக்காங்க. கேரளால கவுன்சிலிங் சைக்காலஜி எம்.எஸ்ஸி. ரெண்டாவது வருசம் படிக்கிறாங்க, ப்ராக்டிகம், அதாவது களப்பயிற்சி, ஏலமலையில ஒரு ஹைஸ்கூல்ல. சுருக்கமா அவங்க எழுதினது இதுதான்:

"அக்கா, எங்க சிலபஸ்ல ஆன்டி-ரேசிஸ்ட் ஸ்கூல் கவுன்சிலிங்னு ஒரு யூனிட் இருக்கு, முழுக்க அமெரிக்கா கதை. கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க, நம்ம ஊர்ல ஏது கறுப்பன் வெள்ளைக்காரன், அசைன்மென்ட் எழுதிட்டுப் போயிருவோம்ங்கறாங்க. ஆனா ஸ்கூல்ல எனக்கு முதல் கேஸா வந்தது ஒம்பதாவது படிக்கிற தமிழ்ப் பையன், தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல, இருந்து வர்றான். கூடப் படிக்கிறவன் 'பாண்டி'ன்னு, அதான் கேரளால தமிழாளுங்களை மட்டமாச் சொல்ற பேரு, கூப்பிட்டதுக்கு மூக்குலயே குத்திட்டான். கிளாஸ் டீச்சர் குடுத்த சீட்டுல 'கோபம் அதிகம், படிப்புல அக்கறை இல்ல, ஆங்கர் மேனேஜ்மென்ட் வேணும்'னு மட்டும்தான் இருக்கு. நானும் தமிழ்தான், எனக்கே உள்ளுக்குள்ள சுருக்குனு இருந்துச்சு. ஆனா ப்ரொஃபஷனலா இருக்கணும்னு எதுவும் கேக்கல, மூச்சுப்பயிற்சி சொல்லிக் குடுத்து அனுப்பிட்டேன். நான் செஞ்சது சரியாக்கா? எங்க பேட்ச்சுக்கு இதுல என்ன மாதிரி ட்ரெய்னிங் கேக்கணும்?"

தங்கச்சி, உங்க லெட்டரை மூணு தடவ படிச்சேன். அந்தச் சீட்டுல 'பாண்டி'ங்கற வார்த்தை இல்ல பாத்தீங்களா. டீச்சருக்கு அது தெரியும், கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு, ஆனா எழுதுறப்போ மட்டும் அது காணாமப் போயிருச்சு. குத்தினது கேஸா வந்துச்சு, கூப்பிட்டது வரல. நீங்க சிலபஸ்ல அமெரிக்கா கதைன்னு சொல்ற அந்த யூனிட் மொத்தமும் இந்த ஒரு விஷயத்தைப் பத்தினதுதான். பிள்ளையை உங்ககிட்ட 'சரி பண்ண' அனுப்புறாங்க, அனுப்புறவங்க எழுதாம விட்டதையும் சேத்துப் படிக்கத் தெரிஞ்சவங்கதான் ஸ்கூல் கவுன்சிலர். அதைப் படிக்கத் தெரியாம நாம சொல்லிக் குடுக்கற மூச்சுப்பயிற்சி, 'உன்னை என்ன சொன்னாலும் வாயை மூடிட்டு இரு'ன்னு அந்தப் பையன் காதுல விழும். நீங்க அப்படி நினைச்சுச் சொல்லலன்னு எனக்குத் தெரியும், ஆனா அவனுக்குத் தெரியாது.

அமெரிக்கால இது ஏன் கவுன்சிலர் படிப்புக்குள்ள வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்றேன், உங்க கிளாஸ்மேட்ஸ்கிட்டயும் சொல்லுங்க. அங்க ஸ்கூல் கவுன்சிலர் வெறுமனே மனசு கஷ்டம் கேக்கறவர் மட்டும் இல்ல, எந்தப் பிள்ளை பெரிய கோர்ஸ் எடுக்கலாம், யாருக்குக் காலேஜுக்கு சிபாரிசு லெட்டர் போகும்னு முடிவு பண்ற இடத்துல உக்காந்திருக்கறவர். அதனால அவர் மனசுல இருக்கற கோணல் நேரா ஒரு பிள்ளையோட வாழ்க்கையில போய் விழுது. அந்த நாட்டுக் கல்வித் துறையே 2014ல வெளியிட்ட கணக்கு ஒண்ணு இருக்கு: ப்ரீஸ்கூல்ல, அதாவது நாலு வயசுப் பிள்ளைங்க, கறுப்பினப் பிள்ளைங்க மொத்தத்துல 18 சதவீதம், ஆனா ஒரு தடவைக்கு மேல சஸ்பெண்ட் ஆன பிள்ளைங்கள்ல அவங்க 48 சதவீதம். நாலு வயசுல என்னம்மா பெரிய குத்தம் பண்ணியிருக்கும் ஒரு பிள்ளை?

2016ல யேல் யுனிவர்சிட்டியில வால்டர் கில்லியம் குழு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. டீச்சர்களுக்கு ஒரு வீடியோ போட்டுக் காட்டி, இதுல சேட்டை ஆரம்பிக்கற மாதிரி தெரிஞ்சா சொல்லுங்கன்னு சொன்னாங்க. வீடியோல நாலு பிள்ளைங்க, கறுப்பினப் பையன் ஒருத்தன் பொண்ணு ஒருத்தி, வெள்ளைக்காரப் பையன் ஒருத்தன் பொண்ணு ஒருத்தி. நிஜத்துல அதுல சேட்டையே கிடையாது. ஆனா டீச்சர்களோட கண்ணு எங்க போச்சுன்னு மெஷின் வச்சுப் பாத்தா அந்தக் கறுப்பினப் பையன் மேலதான் அதிகமா போயிருக்கு. இதுல என்னை ரொம்ப உறுத்தினது, கறுப்பின டீச்சர்களோட கண்ணும் அங்கதான் போச்சுங்கறது. நானும் தமிழ்தான்னு நீங்க எழுதியிருக்கீங்கல்ல, அந்த வரியைப் படிச்சப்போ எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. ஒரே பாஷைக்காரங்கறதால மட்டும் நம்ம கண்ணு தானா நேரா ஆயிறாது.

சரி இங்க வருவோம். நம்ம ஊர்ல ஏது ரேசிசம்னு சிரிக்கிறவங்ககிட்ட தோல் கலரைப் பத்தி வாதாட வேணாம். உத்தரப் பிரதேசத்துல கிராமத்துப் பையன்களை வச்சு கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டேன்னு ரெண்டு பேர் செஞ்ச ஆராய்ச்சியைச் சொல்லுங்க, 2004ல உலக வங்கி வெளியிட்டது. பையன்களுக்குப் புதிர்ப்பாதை போடுற விளையாட்டு குடுத்தாங்க. யாரு என்ன சாதின்னு சொல்லாதப்போ எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி போட்டாங்க. சபையில எல்லார் முன்னாடியும் பேரையும் சாதியையும் வாசிச்சிட்டு குடுத்தப்போ, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களோட திறமை சட்டுனு இறங்கிருச்சு. அதே பையன், அதே மூளை, அதே புதிர்! இப்போ உங்க சீட்டுல 'படிப்புல அக்கறை இல்ல'ன்னு எழுதியிருக்கறதை மறுபடி படிங்க.

நம்ம எல்லைப் பக்கத்துல இது ஒரே அடுக்கா இல்ல, அதுதான் இங்க கஷ்டம். 1956ல மாநிலம் பிரிச்சப்போ தேவிகுளம், பீர்மேடு எல்லாம் கேரளாவோட நின்னுச்சு, தோட்டத்துல இருந்த நம்ம ஜனம் அப்படியே அங்கயே நின்னாங்க, நாலு தலைமுறை ஆனாலும் 'எந்த ஊரு, நாட்டுக்கு எப்போ போவீங்க'ங்கற கேள்வி நிக்கல. முல்லைப்பெரியாறு பிரச்சனையில 2011 டிசம்பர்ல கம்பம் குமுளி ரோடு அடைச்சுக் கெடந்தப்போ ஏலத்தோட்டத்துல இருந்து நம்மாளுங்க பயந்து எறங்கி வந்தாங்க, அதே சமயம் கம்பம் தேனிப் பக்கம் மலையாளிங்க கடைகளை நம்மாளுங்க அடிச்சதும் நடந்துச்சு. ரெண்டு பக்கமும் அப்போ சின்னப் பிள்ளைங்களா இருந்தவங்க இன்னைக்கு உங்க வயசு, அதுல சிலபேர் டீச்சராவும் ஆயிருப்பாங்க.

'பாண்டி'ங்கற சொல்லைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா ஸ்டாஃப் ரூம்ல நிச்சயம் யாராவது சொல்லுவாங்க, அது பாண்டி நாட்டுக்காரன்னு சாதாரண வார்த்தைதானேன்னு. ஆமா, வார்த்தை மேல குத்தமே கிடையாது. திருச்சூர் பூரத்துல இலஞ்சித்தறையில கொட்டுறதே பாண்டி மேளம்தான், ஆயிரக்கணக்குல ஜனம் கை வீசி ரசிக்கிறாங்க. ஆனா ஒம்பதாம் கிளாஸ்ல பேர் தெரிஞ்ச ஒரு பையனைப் பேர் சொல்லாம அப்படிக் கூப்பிடுறது, உனக்குப் பேரு எதுக்குன்னு கேக்கற மாதிரி. இதை டீச்சருக்கு எடுத்துச் சொல்ற அளவுக்கு உங்களுக்குப் பேச்சு வரணும். அதுவும் மலையாளத்துல வரணும்.

தமிழ் பேசுறவங்களுக்குள்ளயே இருக்கற அடுக்கையும் தள்ளி வச்சிட முடியாது. லயத்துல இருக்கறவங்கள்ல பெரும்பாலும் பட்டியல் சமூகத்துக் குடும்பங்க. பட்டியல் சாதிகளை மாநிலவாரியா அறிவிச்ச 1950 உத்தரவுக்கு முன்னாடியே தாத்தா பாட்டி கேரளால இருந்தாங்கன்னு பேப்பர் காட்ட முடியாம சாதிச் சர்டிஃபிகேட்டுக்கு எத்தனை குடும்பம் வில்லேஜ் ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலையுதுன்னு தோட்டத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. சர்டிஃபிகேட் இல்லைன்னா ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்ப முடியாது, பிள்ளை ஃபாரத்தை பேக்லயே வச்சிருக்கும், டீச்சர் 'இவனுக்கு எதுலயும் அக்கறை இல்ல'ம்பாங்க. இது மனசுல இருக்கற பிரச்சனையா சொல்லுங்க? தாலுகா ஆபீஸ் பிரச்சனையைப் பிள்ளையோட மோட்டிவேஷன் பிரச்சனைன்னு எழுதி வச்சா நாமளும் அந்த ஆபீஸோட இன்னொரு ஜன்னல்தான்.

இன்னொண்ணு. இப்போ தோட்டத்துல ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பக்கத்து ஆளுங்க நிறைய, அவங்க பிள்ளைங்களும் ஸ்கூலுக்கு வருது. எந்த மாநிலமா இருந்தாலும் 'பெங்காலி'ங்கற ஒரே பேர்தான் அதுங்களுக்கு. அப்படிக் கூப்பிடுறதுல நம்ம தமிழ்ப் பிள்ளைங்களும் இருக்கு. முதுவான் பழங்குடிப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல இருந்து வரும், அதுங்க பேச்சைப் பழிச்சுக் காட்டுறதுல தமிழ் மலையாளம் வித்தியாசமே இல்ல. உங்க பையன் யாரை என்னன்னு கூப்பிடுறான்னு நீங்க தெரிஞ்சுக்கணும். அவனை மாட்டி விடறதுக்காக இல்ல, அவன் வாங்கின அடியை அவன் எங்க இறக்கி வைக்கிறான்னு தெரியணும்ல.

நான் ஒரு விஷயம் சொல்றேன், இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் தொண்டையில நிக்குது. நான் உங்கள மாதிரி ட்ரெய்னியா இருந்தப்போ எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு வந்தா, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல தனியா உக்காந்துக்கறா, யார் கூடயும் சேர மாட்டேங்கறான்னு ரெஃபர் பண்ணியிருந்தாங்க. 'கூச்ச சுபாவம்'னு சீட்டு. நான் அஞ்சு வாரம் அவளுக்கு ஃப்ரெண்ட்ஷிப் எப்படிப் பண்றது, எப்படிச் சிரிச்சுப் பேசறதுன்னு சொல்லிக் குடுத்தேன். ஆறாவது வாரம் அவ எந்திரிச்சுப் போறப்போ வாசல்ல நின்னுட்டு, "மிஸ், நான் தொட்ட தண்ணியை அவங்க குடிக்க மாட்டாங்க, அதான் தள்ளி உக்காருறேன்"ன்னா. அழல, சாதாரணமா சொன்னா. அஞ்சு வாரமா நான் அவளுக்கு எந்த வியாதிக்கு மருந்து குடுத்துட்டு இருந்தேன்? நான் கேக்கவே இல்ல. கேட்டா சங்கடப்படுவான்னு நினைச்சேன், நிஜத்துல சங்கடம் எனக்குத்தான் இருந்திருக்கு.

அதனால நீங்க செஞ்சது சரியான்னு கேட்டதுக்கு நேரா சொல்லிடறேன், கேக்காம விட்டது சரியில்ல. ஆனா மனசு உடைய வேணாம், ஒரு செஷன்தான் போயிருக்கு, நான் அஞ்சு விட்டேன். ப்ரொஃபஷனலா இருக்கறதுன்னா சுருக்குனு குத்தினதை மறைக்கறதுன்னு உங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காங்க. உங்க யூனிட்ல ப்ரோச்சிங்னு ஒரு சொல் வரும், 2007ல நார்மா டே-வைன்ஸும் அவங்க கூட வேலை செஞ்சவங்களும் எழுதினது. விஷயம் ரொம்ப எளிசு: இனம், சாதி, பாஷை பத்தின பேச்சைப் பிள்ளை எடுக்கட்டும்னு காத்திருக்காம பெரியவங்க நாமளே கதவைத் திறந்து விடணும், உள்ள வர்றதும் வராததும் பிள்ளையோட இஷ்டம். 'இந்த ரூம்ல இதைப் பேசலாம்'னு அதுக்குத் தெரிஞ்சாப் போதும்.

எப்படிக் கேக்கறதுன்னா, நான் இப்படிக் கேப்பேன்: "தம்பி, அன்னைக்கு சண்டைக்கு முன்னாடி அவன் உன்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டான்னு கேள்விப்பட்டேன். போன தடவ நான் அதைக் கேக்காம விட்டுட்டேன், கேட்டிருக்கணும். அந்தப் பேரை இதுக்கு முன்னாடி எப்பெப்ப கேட்டிருக்க? இப்போ சொல்லணும்னு இல்ல, சொல்லணும்னு தோணுறப்போ சொல்லு." அவ்வளவுதான். 'நாம எல்லாரும் மனுசங்கதானப்பா, இதெல்லாம் பெருசா எடுத்துக்காத'ன்னு மட்டும் தயவு செஞ்சு சொல்லிடாதீங்க, அது கதவை வெளிய இருந்து பூட்டுற வேலை. 'நானும் தமிழ்தான், எனக்குப் புரியும்'னும் அவசரப்பட்டுச் சொல்லாதீங்க. நீங்க போடி டவுன், அவன் லயம். காலையில ஜீப்புல மலையேறி ஏலக்காய் எடுக்கப் போற பொம்பளைங்களை நீங்க வீட்டு வாசல்ல நின்னு பாத்தவங்களா இல்ல அந்த ஜீப்புல உங்கம்மாவும் போனாங்களான்னு எனக்குத் தெரியாது, நீங்களும் எழுதல. அதை எனக்குச் சொல்ல வேணாம், உங்களுக்கு நீங்களே சொல்லிக்கணும். 'வீடு எந்தப் பக்கம், எந்தத் தெரு'ன்னு நாம சாதாரணமாக் கேக்கற கேள்வி தேனி ஜில்லாவுல என்ன கேள்வின்னு உங்களுக்கே தெரியும். முதல் செஷன்ல அதைக் கேக்காதீங்க.

ஆனா கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணை யோசிச்சு வச்சிக்கணும், கேட்ட பின்னாடி அவனை யாரு காப்பாத்துறது? 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில நடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. கூடப் படிச்சவங்க சாதியைச் சொல்லிக் குடுத்த தொந்தரவு தாங்காம ஸ்கூலுக்குப் போகாம இருந்த ப்ளஸ் டூ பையன் காரணத்தைச் சொன்னான், புகாரா ஆச்சு, அன்னைக்கு ராத்திரியே வீடு புகுந்து அவனையும் தங்கச்சியையும் வெட்டினாங்க. அதுக்கப்புறம்தான் நீதிபதி சந்துரு ஒருநபர் குழு போட்டு 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. அதை உங்க பேட்ச் மொத்தமும் உக்காந்து படிக்கணும், அமெரிக்கப் புத்தகத்தோட சேத்துப் படிக்கணும். எனக்கு அதுல இருந்து தெரிஞ்ச பாடம், பிள்ளை வாயைத் திறந்த நிமிஷத்துல இருந்து அதோட பாதுகாப்பு நம்ம பொறுப்பு. பேரை யாருகிட்ட சொல்லணும், யாருகிட்ட சொல்லக் கூடாது, அன்னைக்கு சாயந்தரம் அது எந்த வழியா யாரோட வீட்டுக்குப் போகுது, வீட்டுல யாரு இருப்பாங்க, இதெல்லாம் கேட்டு வச்சிட்டுத்தான் ஹெச்.எம். ரூமுக்குப் போகணும். இதை எந்த ரோல்ப்ளேலயும் சொல்லிக் குடுக்கறதில்ல, நீங்க கேட்டு வாங்குங்க.

ட்ரெய்னிங் என்ன கேக்கணும்னா, முதல்ல ரிஜிஸ்டர். உங்க பேட்ச்ல எல்லாரும் அவங்கவங்க ப்ராக்டிகம் ஸ்கூல்ல, அனுமதி வாங்கிட்டு, இந்த வருசம் கவுன்சிலர்கிட்ட அனுப்பின பிள்ளைங்க யாரு யாருன்னு பேர் இல்லாம எண்ணிப் பாக்கணும். எந்த மீடியம், வீட்டுல என்ன பாஷை, லயமா ஹாஸ்டலா டவுனா, அனுப்பின காரணம் என்ன எழுதியிருக்கு. ஒரு சாயந்தரம் போதும். எந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு 'கோபம்'னும் எந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு 'டென்ஷன்'னும் எழுதியிருக்குன்னு பாருங்க, அதை கிளாஸ்ல போர்டுல போட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க.

அடுத்தது ஸ்டாஃப் ரூம். என்னைக் கேட்டா பாதி ட்ரெய்னிங் இங்கதான் நடக்கணும். காலேஜ்ல ரோல்ப்ளேன்னா எப்பவும் ஒருத்தர் கவுன்சிலர் ஒருத்தர் பிள்ளை, ரெண்டு நாற்காலி, நிசப்தம். ஆனா நிஜத்துல நமக்கு வேர்த்துக் கொட்டுறது பதினஞ்சு வருசம் சர்வீஸ் உள்ள ஒரு டீச்சர்கிட்ட, அவங்க டீ குடிச்சிட்டு இருக்கறப்போ, "டீச்சர், அந்தச் சீட்டுல ஒரு விஷயம் விட்டுப் போச்சு"ன்னு சொல்றப்பதான். அதைப் பழகுங்க. ஒருத்தர் டீச்சரா நடிக்கட்டும், நல்லாக் கோபப்படட்டும், "நீங்க வந்து ரெண்டு மாசம் ஆகல, எங்க ஸ்கூல்ல அப்படியெல்லாம் இல்ல"ன்னு சொல்லட்டும். நீங்க திட்டாம, பயப்படாம, பின்வாங்காம பதில் சொல்லிப் பாருங்க. டீச்சரை எதிரியா ஆக்கிட்டு அந்தப் பையனுக்கு நீங்க ஒண்ணும் செய்ய முடியாது, நீங்க வாரத்துல ரெண்டு நாள் வர்றீங்க, அவங்க அவன் கூட தினமும் இருக்காங்க. அவங்களும் இதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்காமலே டீச்சர் ஆனவங்கதான்.

சட்டம் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். ஆறுல இருந்து பதினாலு வயசுப் பிள்ளைங்களுக்கான கல்வி உரிமைச் சட்டம் 2009ல 17ஆவது பிரிவு அடிக்கறதை மட்டும் இல்லாம மனசளவுல துன்புறுத்தறதையும் தடை பண்ணுது, பெரியவங்களே பிள்ளையை இப்படிப் பேர் வச்சுக் கூப்பிட்டா அது அங்க வரும். சாதியைச் சொல்லி இழிவு பண்ணா 1989 வன்கொடுமைச் சட்டம் இருக்கு. தெரிஞ்சு வச்சிக்கங்க, ஆனா பதினாலு வயசுப் பிள்ளைங்க முன்னாடி அதை எடுத்துக் காட்டி மிரட்டுறது நம்ம வேலை இல்ல.

கேரளாவுலயே நல்லது நடந்ததையும் பாருங்க. வயநாட்டுல 2017ல கோத்ரபந்துன்னு ஒரு திட்டம், பழங்குடிப் பிள்ளைங்க படிக்கற ப்ரைமரி ஸ்கூல்ல அதே சமூகத்துல இருந்து டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சவங்களை மென்டர் டீச்சரா போட்டாங்க. பிள்ளையோட பேச்சு தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் கிளாஸ்ல இருக்கணும்ங்கற யோசனை அது. உங்க ஸ்கூல்ல லயத்துல இருந்து படிச்சு வந்த ஸ்டாஃப் ஒருத்தராவது இருக்காங்களான்னு பாருங்க, டீச்சரா இல்லாட்டியும் பரவால்ல, சமையல்ல இருக்கற அக்காவா கூட இருக்கலாம். உங்களுக்குத் தெரியாத பாதி விஷயம் அவங்களுக்குத் தெரியும்.

குத்தினது தப்புதான், அதை அவன்கிட்ட நீங்க சொல்லத்தான் வேணும், மூக்கு உடைஞ்ச பையனுக்கும் வலிச்சிருக்கும். ஆனா அந்தப் பையனையும் கூப்பிட்டுப் பேசுங்க, தனியா, வேற நாள்ல. அவனுக்கு அந்த வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு கேளுங்க, திட்டாம கேளுங்க. அவன் பேர்ல சீட்டு வரலைன்னா டீச்சர்கிட்ட கேட்டு ஒண்ணு வாங்குங்க. ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வச்சு கை குடுக்க வைக்கிறதை மட்டும் இப்போ செய்யாதீங்க, லயத்துப் பையன் பேசி முடிக்கறதுக்கு முன்னாடி கை குடுக்கச் சொன்னா அவன் குடுப்பான், அப்புறம் உங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டான்.

அடுத்த தடவ போறப்போ உங்க கேஸ் நோட்ல மேல ஒரு வரி சேருங்க: 'சண்டைக்கு முன் சக மாணவன் இழிபெயர் சொல்லி அழைத்தான், ரெஃபரல் சீட்டில் இது இல்லை.' தேதி போட்டு கையெழுத்துப் போடுங்க, சூப்பர்வைசர்கிட்ட காட்டுங்க. அவன் வந்து உக்காந்ததும் மொத கேள்வியா அவனை வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க, இங்க எப்படிக் கூப்பிட்டா அவனுக்குப் பிடிக்கும்னு கேளுங்க. அட்டெண்டன்ஸ்ல மலையாளத்துல எழுதியிருக்கற பேர் சரியா இருக்கான்னும் அவனையே வாசிச்சுப் பாக்கச் சொல்லுங்க, தப்பா இருந்தா அன்னைக்கே ஆபீஸ்ல சொல்லி மாத்திக் குடுங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க தங்கச்சி, காத்திருக்கேன்.